சும்மா நின்றவள்

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. இதை நானே ஒப்புக்கொள்வேன். அடுத்தவர் சொன்னால்தான் கோபம் வரும். அதனால் ஆமை எனக்கு வெடி என்று பெயர் வைத்தாள். எதற்கும் அவசரப்படாத அவளுக்கு ஆமை என்று பெயர் வைத்தது நான். எட்டாம் வகுப்பில் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்த அன்றே ஒட்டிய பெயர்கள், பதினேழு வயதாகியும் உரியவில்லை.

எங்களிடம் வித்தை இருப்பது தெரியவந்ததும் அதே வகுப்பில்தான். நான் ஒரு மேசையைப் பார்த்து "எடுக்கிறேன்" என்றால் அதன் எடை கழன்றுவிடும். அப்புறம் அது தலையணைதான். என் விரல் போகிற பக்கமெல்லாம் அந்தரத்தில் போகும். ஆனால் எடை காற்றில் கரைந்துபோகிற சமாச்சாரம் இல்லை, யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். ஆமை தள்ளி நின்று "வாங்கிட்டேன்" என்பாள். மேசையின் மொத்த எடையும் அவள் உடம்பில் இறங்கும். மேசையை உரிய இடத்தில் வைத்த பிறகு ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்போம். "வச்சிட்டேன், குடு" என்பேன். "குடுத்துட்டேன்" என்பாள். எடை மேசைக்கே திரும்பிவிடும். கண்ணைப் பார்க்காமல் ஆயிரம் தடவை சொன்னாலும் பலிக்காது.

எங்கள் ஊரில் வீடு மாற்றுகிற வேலை முழுக்க இப்படிப்பட்ட ஜோடிகள் கையில்தான் இருக்கிறது. எடுப்பவர் ஒருவர், தாங்குபவர் ஒருவர். அதற்கு உரிமம் வேண்டும், உரிமத்துக்குப் பரீட்சை வேண்டும். தேறாவிட்டால் அலுவலகம் ஜோடியைப் பிரித்து, ஆளுக்கொரு ஊரில் முன்பின் தெரியாத யாரோடாவது சேர்த்துவிடும். ஆமை இல்லாமல் இன்னொருத்தி முகத்தைப் பார்த்து நான் "குடு" என்று சொல்வதா? 

எங்கள் பரீட்சை, ஒரு பல் டாக்டரின் நாற்காலி. படுக்க வைத்துப் பல் பிடுங்குவார்களே, அதுதான். நூற்றறுபது கிலோ. மருத்துவமனை மூன்றாவது மாடியில் இருந்தது, படிக்கட்டோ குறுகல். நாற்காலியை ஜன்னல் வழியாக இறக்கி, கீழே நிற்கும் லாரியில் ஏற்ற வேண்டும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். நானும் ஆமையும் மூன்று நாளாகப் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் சித்தியின் பீரோ. சித்தி புது வீட்டுக்கு மாறியபோது, பரீட்சைக்குப் பழகிய மாதிரியும் இருக்கட்டும் என்று நாங்களே போனோம். நூற்று நாற்பது கிலோ இரும்பு பீரோவை ஒரு கீறல் விழாமல் உள்ளே கொண்டுபோனேன். சித்தி என் கன்னத்தைக் கிள்ளி, கெட்டிக்காரி என்றார், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினார். வாசலில் நின்ற ஆமை, நானும்தான் இருந்தேன் என்று மெதுவாகச் சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

"நீ என்னடி பண்ணே? சும்மா நின்னே" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன். மறுநாள் அவள் வீடு தேடி வந்தாள். நான் இல்லை என்று அம்மாவைச் சொல்ல வைத்தேன். போன் செய்தாள், எடுக்கவில்லை. தப்பு என்னுடையது என்று தெரிந்தால் எனக்கு வீம்பு இரண்டு மடங்காகும்.

பரீட்சை அன்று காலையிலும் அவள் சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் பேசினேன். அவள் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தாள். என்னைக் கடுப்பேற்றத்தான் இப்படி என்று நினைத்தேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது பரிசோதகர் மேடம் வந்துவிட்டார். சிரித்தே பழக்கமில்லாத முகம், கையில் அட்டை, அட்டையில் படிவம். அவரைப் பார்த்ததும் ஆமை வாயை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து சித்தி போன். மின்விசிறியைப் போட்டால் பீரோ அறைக்குள் நடக்கிறது, வீட்டில் பேய் இருக்கிறது என்று புலம்பினார். சித்தி எறும்பைப் பார்த்தாலே யானை என்பவர். அப்புறம் பேசுகிறேன் என்று துண்டித்துவிட்டேன்.

பரிசோதகரோடு மாடி ஏறினேன். ஆமை தெருவில், லாரிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எடுக்கிறேன்" என்றேன். கீழிருந்து "வாங்கிட்டேன்" என்று குரல் வந்தது. நாற்காலி தரையை விட்டு எழும்பியது. அடடா, அந்தக் கணம் இருக்கிறதே! எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும். விளக்கை மடக்கி, கால் வைக்கும் பலகையை ஒடுக்கி, ஜன்னல் சட்டத்தில் இடிக்காமல் வெளியே விட்டேன். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. பல் டாக்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தரத்தில் இருக்கும் பொருளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது முதல் விதி. எடுத்தால், இறக்கி வைத்த பொருளைப் போல இல்லாமல், எடை தானாகவே பொருளுக்குத் திரும்பி, அது விழுந்துவிடும். அதனால் நாற்காலியையே பார்த்தபடி இறக்கினேன். அது இரண்டாவது மாடியைத் தாண்டியபோது, அதற்குப் பின்னால் ஆமையின் கால்கள் தெரிந்தன. அவள் நின்ற நடைபாதைக் கல்லில் ஒரு விரிசல் ஓடியது. நான் பார்க்கப் பார்க்கவே நீண்டது.

நூற்றறுபது கிலோவுக்குக் கல் உடையாது. முந்நூறுக்கு உடையும்.

பீரோ நடக்கிறது. மின்விசிறிக் காற்றுக்கு நடக்கிறது. ஏனென்றால் அதற்கு எடையே இல்லை. நான் கண்ணைப் பார்த்துத் திரும்ப வாங்காமல் கிளம்பிவிட்டேன். மூன்று நாளாக அந்த பீரோவைச் சுமந்துகொண்டு இவள் நடந்திருக்கிறாள், என் வீட்டுப் படி ஏறியிருக்கிறாள், எனக்குப் போன் செய்திருக்கிறாள். பரிசோதகர் காதில் விழுந்தால் என் எடுக்கும் உரிமை போய்விடும் என்றுதான் காலையில் வாயை மூடிக்கொண்டாள். 

தாங்குபவரின் எல்லை இருநூற்றைம்பது கிலோ. அவள் முழங்கால்கள் நடுங்குவது மூன்றாவது மாடி வரை தெரிந்தது.

நாற்காலியை விட்டுக் கண்ணை எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாள் கழித்துப் பார்க்கிறேன்.

"பீரோவ வச்சிட்டேன், குடு!"

"நாற்காலியப் பாருடி, லூசு" என்று கத்தினாள். கத்திக்கொண்டே என் கண்ணையும் பார்த்துவிட்டாள். அப்புறம் அவளால் அடக்க முடியவில்லை. "குடுத்துட்டேன்" என்றாள்.

நாற்காலி விழுந்தது. கூட்டம் அலறியது. மொத்த பாரமும் இறங்கிய ஆமை சட்டென்று திரும்பி, வாழ்க்கையில் ஒரு தடவைகூட நீட்டாத விரலை நீட்டி, ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

"எடுக்கிறேன்!"

என் வாய் என்னைக் கேட்காமலே "வாங்கிட்டேன்" என்றது.

தரைக்கு ஒரு முழம் மேலே நாற்காலி நின்றது. எடை என் முழங்காலில் இறங்கியது, குதிகாலில் இறங்கியது, பல் டாக்டர் நாற்காலி என்பதாலோ என்னவோ பல்லெல்லாம் கூசியது. மூச்சை எண்ணி எண்ணி விட வேண்டியிருந்தது. இதையா சும்மா நிற்பது என்று சொன்னேன்? என் வாயில் போட! சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே நாற்காலி ஆடி ஆடி லாரிப் பக்கம் போனது. ஆமையின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

பரிசோதகர் பக்கத்தில் வந்து, என்ன பீரோ என்று உரக்கக் கேட்டார். அது காதில் விழுந்து, ஒன்றுமில்லை மேடம், அவளுக்குப் பதற்றத்தில் உளறுகிற பழக்கம் உண்டு என்று கீழிருந்து ஆமை கத்தினாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம்.

"எங்க சித்தி வீட்டு பீரோ மேடம். மூணு நாளா அவமேலயே விட்டுட்டேன். மறந்தது நான்தான்" என்றேன்.

அவர் படிவத்தில் எதையோ நீளமாக அடித்தார். மறந்தவர் இனி எடுக்கக் கூடாது, அதுதான் விதி என்றார். ஜோடி போச்சு என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடாமல் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாங்கக் கூடாதுன்னு விதியில இல்ல. இனிமே எடுக்குறது அவ, தாங்குறது நீ. சம்மதமா?"

இனி ஆயுசுக்கும் என் விரலுக்கு எதுவும் அசையாது. கூட்டம் என்னை அண்ணாந்து பார்க்காது. வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஆமை என் ஜோடி! சம்மதம் என்று சொல்லிக் குதிக்கப் பார்த்தேன். நூற்றறுபது கிலோ குதிக்க விடவில்லை.

நாற்காலி லாரியில் உட்கார்ந்தது. அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும், என் பாரம் இறங்கிவிடும். அவளோ தலையைக் குனிந்தபடி கட்டிடத்துக்குள் நுழைந்தாள். மேலே பாருடி என்று நான் போட்ட கூச்சல் தெரு முழுக்கக் கேட்டது. படிக்கட்டில் தடதடவென்று சத்தம். ஆமை ஓடி வருகிறாள்!

வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கினாள். ஜன்னலைப் பார்த்தாள், மேற்கூரையைப் பார்த்தாள், சுவரில் தொங்கிய பல்வரிசைப் படத்தை வெகு அக்கறையாகப் பார்த்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை. மூன்று நாளாக நான் அவளுக்குச் செய்தது அதுதான். கடைசியில் என் கண்ணைப் பார்த்தாள். இரண்டு பேருக்குமே கண் கலங்கியிருந்தது.

"வச்சிட்டேன், குடு" என்றாள்.

"இருடி" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருக்கேன்."