அவள் பெயரில் ஒரு கார்

பழைய கார்கள் விற்கும் அந்த மைதானத்தில் வரிசையாக நின்ற வண்டிகளை எல்லாம் அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். கதவைத் திறந்து மூடி, மூடுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். என்ஜினை ஓடவிடச் சொல்லி பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பவரைப் போல நின்றார். பின்னால் நடந்த அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நகரப் பேருந்து ஓட்டுநரின் மனைவி என்றால் சும்மாவா! மற்றவர்கள் இங்கே வந்து பளபளப்பைப் பார்த்து ஏமாந்து போகிறார்கள், தன் வீட்டுக்காரர் பெயின்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கார் ஓட்ட வேண்டும் என்ற ஆசை அவளுடையது அல்ல. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே போய் எடுக்க வேண்டும். குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து மாறி மாறிப் போய் வந்தவள்தான். பிள்ளைகள் தலையெடுத்து வெளியூர் போன பிறகு, இந்த வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்து யாரை அசத்த வேண்டும் என்று இருந்தாள். அவர்தான் விடவில்லை. பயிற்சிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். முதல் தடவை தேர்வில் தோற்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தபோது, "நீ கத்துக்கிட்டே ஆகணும்மா" என்றார். அந்தக் குரலில் இருந்தது செல்லம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் ஒரு சின்ன காரின் கூரையில் தட்டினார். "இதுதான். என்ஜின் பேச்சு சுத்தமா இருக்கு. வெள்ளைக் கலர் வேற, தூரத்துலயே தெரியும்."

கார் வியாபாரி சிரித்துவிட்டான். "அண்ணே, இது வெள்ளை இல்ல, வெள்ளி."

"வெயில்ல எல்லாம் ஒண்ணுதாம்ப்பா" என்று அவரும் சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

காப்பீடு போடுகிற இளைஞன் அதே மைதானத்தின் ஓரத்தில், ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு வாளி வைத்திருந்த ஒரு தகர அறையில் உட்கார்ந்திருந்தான். வாய்க்கு ஓய்வே கொடுக்காத ஆள். கல் விழுந்தால் என்ன கிடைக்கும், வெள்ளம் வந்தால் என்ன கிடைக்கும் என்று ஆரம்பித்து, உலகத்தில் ஒரு காருக்கு வரக்கூடிய அத்தனை கேடுகளையும் சிரித்த முகத்தோடு வரிசையாகச் சொன்னான். கேட்கக் கேட்க அவளுக்குக் காரே வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

"அடுத்தவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னாலும் கவலையே படாதீங்க மேடம், நாங்க பாத்துக்குவோம். வண்டிய வேற யாரு ஓட்டுவாங்க? சார் ஓட்டுவாரில்ல?"

"அவரு பஸ் டிரைவரு. முப்பது வருஷ சர்வீஸ். வண்டில ஒரு கீறல் விழுந்தது கிடையாது" என்றாள் அவள், முந்திக்கொண்டு.

இளைஞனின் முகம் விரிந்தது. "அப்புறம் என்ன மேடம்! சார் பேரையும் சேத்துட்டா பிரீமியம் பாதியாக் குறையும். சார், உங்க லைசென்ஸ் மட்டும் குடுங்க. சுகர், பிரஷர், கண்ணுல ஏதாவது..."

"என் பேரு வேணாம்" என்றார் அவர்.

"இல்ல சார், உங்களுக்குத்தான் லாபம்..."

"வேணாம்னு சொன்னா விடுப்பா. அவ பேரு மட்டும் போடு."

அவளுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. பேருந்தையே ஆட்டி வைக்கிறவருக்கு இந்தத் தீப்பெட்டியில் உட்காரக் கௌரவக் குறைச்சல் போல. அதை ஒரு வெளியாள் முன்னால் இப்படியா காட்ட வேண்டும்? காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீம்போடு சாவியை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.

வீம்பு கொஞ்ச தூரம்தான் தாங்கியது. ஏனென்றால் வழி முழுக்க அவர் அவளுக்குச் சாலையை முன்கூட்டியே படித்துக் காட்டிக்கொண்டு வந்தார். "இப்ப ஒரு ஸ்பீட் பிரேக்கர் வரும், மெதுவா... வலது பக்கம் மரக்கடை, லாரிக்காரன் பாக்காம பின்னால எடுப்பான், தள்ளிப் போ... இங்க பள்ளம்." எல்லாம் அவர் சொன்னபடியே வந்தன. இந்த மனிதரிடம் கோபப்பட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. சந்தைப் பக்கம் நெரிசலைப் பார்த்துப் பயந்து, போன மாதம் திறந்த புதுச் சாலையில் திருப்பினாள். அதில் பேருந்துகள் இன்னும் ஓடவில்லை. சாலை அகலமாக, ஆளரவமில்லாமல் கிடந்தது.

"இது எந்த ரோடு?" என்றார்.

சொன்னாள். அவர் "ம்" என்றார். அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றாகத்தான் ஓட்டுகிறோம் போல, அதனால்தான் சும்மா வருகிறார் என்று அவள் மனம் குளிர்ந்து போனாள்.

புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீடுகளின் பக்கத்திலிருந்து இரண்டு பேர் ஒரு பெரிய கட்டிலைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்க இறங்கினார்கள். முன்னால் வந்தவன் பின்னால் வந்தவனைத் திட்டிக்கொண்டே வந்தான். அவள் பிரேக்கை மிதித்தாள். பாதி சாலையில், காரின் மூக்குக்கு நேர் எதிரே, பாரம் தாங்காமல் கட்டிலை இறக்கி வைத்துவிட்டு இருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவர்களைப் பார்த்து ஏதாவது நக்கலாகச் சொல்லுவார் என்று கணவர் பக்கம் திரும்பினாள்.

அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்றார்.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். எதிரே தேக்குக் கட்டில். நாலு கால்கள், செதுக்கிய தலைமாடு, அதைப் பிடித்தபடி இரண்டு தடியன்கள். மாலை வெயில் இன்னும் நன்றாக இருந்தது.

"சும்மாதாங்க" என்றாள். அப்படி ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "ரோடு காலியாத்தானே இருக்கு?"

"காலியாத்தான் இருக்கு. எடு, எடு. பயப்படாத."

கட்டிலைத் தூக்கிக்கொண்டு அவர்கள் போன பிறகும் அவள் கால் பிரேக்கைவிட்டு வரவில்லை.

"எதிர்ல ரெண்டு பேரு கட்டிலோட நின்னாங்க" என்றாள்.

அவர் தலையை லேசாக இடது பக்கம் சாய்த்து அவளைப் பார்த்தார். கொஞ்ச காலமாக இப்படித்தான் பார்க்கிறார். வயதாக ஆகக் குழைகிறாரே என்று அவள் தனக்குள் சிரித்துக்கொண்ட பார்வை அது.

"நேராப் பாத்தா நடுவுல மட்டும்தான் இல்ல" என்றார் கடைசியில். "ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது."

"எத்தன நாளா?"

"போன வருஷம் மழைக்கு முன்னாடியிருந்து. பக்கத்து ஊருக்குப் போய் டாக்டர்ட்ட காட்டுனேன். போனது போனதுதானாம்."

எத்தனையோ கேட்க வேண்டியிருக்க, வாயில் வந்தது வேறு.

"என் மொகம்?"

அவர் கையை நீட்டி அவளுடைய காதோரத்து முடியைச் சரியாகத் தொட்டார். "முடி தெரியுது. தோடு தெரியுது. மிச்சத்தத்தான் நான் ஏற்கெனவே பாத்து வச்சிருக்கேனே."

வேறு நேரமாக இருந்தால் அவள் அழுதிருப்பாள். ஆனால் அப்போது அவள் மனதில் முகம் இல்லை, பேருந்துதான் இருந்தது. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற நர்சுகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் படியில் தொங்குகிற அந்த நீளமான வண்டி. அவளே எத்தனை தடவை குளிர்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதில் நிம்மதியாகத் தூங்கி வழிந்திருக்கிறாள்!

"அப்ப பஸ்ஸ எப்படிங்க ஓட்டுறீங்க?"

"சில்லறை இருக்கான்ல."

சில்லறை என்பது அவருடைய நடத்துநரின் பட்டப்பெயர். யாருக்கும் மீதிச் சில்லறை தராமல் இழுத்தடித்து வாங்கிய பெயர். அவருக்குப் பக்கத்தில் நின்றபடி கம்பியில் நாணயத்தால் தட்டுவானாம். ஒரு தட்டு என்றால் வண்டி, இரண்டு என்றால் ஆள், விடாமல் தட்டினால் பிரேக்கை மிதி. வருஷா வருஷம் நடக்கிற கண் பரிசோதனைக்கு முந்தைய நாள் பலகையில் இருக்கிற எழுத்து வரிசையை அவன்தான் ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தானாம். அவர் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமைகூட எட்டிப் பார்த்தது. அவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயங்கரமாக இருந்தது. சில்லறை எப்போதும் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு முன்னாலேயே போய் நிற்பதைப் பார்த்து, இரண்டு பேருக்கும் என்ன ஒட்டுறவு என்று அவள் கேலி செய்திருக்கிறாள்.

"சில்லறைக்கு ஒரு நாள் தும்மல் வந்தா?" என்றாள்.

"அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். நடுவுல கண்ணு போச்சுன்னு சொன்னா அன்னிக்கே டிப்போ மேனேஜர் சட்டையக் கழட்டச் சொல்லிடுவான். முப்பது வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டிட்டு, குருடன்னு பேரு வாங்கிட்டு வரச் சொல்றியா? அந்த ரூட்டு எனக்கு நம்ம வீடு மாதிரி. அதுக்கப்புறம் நீ இருக்க. உனக்கு லைசென்ஸ் இருக்கு. எங்கயும் நீ என்னக் கூட்டிட்டுப் போயிடுவ."

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். பயிற்சிப் பள்ளி, கார், காப்பீட்டில் அவள் பெயர் மட்டும். அவளுடைய காரை எடுத்து ஒரு கோழிக்குக்கூட ஆபத்து வரக் கூடாது என்று பார்த்த மனிதருக்கு, பேருந்து முழுக்க இருக்கிற ஜனங்கள் கண்ணில் படவில்லை. அவள் எத்தனையோ கேட்டாள். கெஞ்சினாள். திட்டினாள். வீடு வந்து சேரும்வரை, சேர்ந்த பிறகும். அவர் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். அடுத்த வருஷம்.

காலையில் அவள் எழுந்தபோது அவருடைய காக்கிச் சட்டை ஆணியில் இல்லை. எப்போதும் எழுப்பிச் சொல்லிவிட்டுப் போகிறவர் அன்று சொல்லாமல் போயிருந்தார். அவள் முகம்கூடக் கழுவாமல் காரை எடுத்தாள். பக்கத்தில் யாரும் இல்லாமல் அவள் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. பணிமனை மேலாளரிடம் சொல்லிவிடுவது என்று ஒரு மனம், கட்டிய புருஷனைக் காட்டிக்கொடுப்பதா என்று இன்னொரு மனம். எந்தத் திருப்பத்தில் எப்படித் திருப்பினாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

பணிமனை வாசலுக்கு அவள் வந்து சேர்ந்தபோது மேலாளர் அறை பூட்டியிருந்தது. உள்ளே, முதல் நடை போகிற பேருந்தில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். துப்புரவு வேலைக்குப் போகிற பெண்கள், சாப்பாட்டுப் பையோடு ஆண்கள், டியூஷனுக்குப் போகிற சில பிள்ளைகள். ஜன்னல் ஓரத்துக்காக இரண்டு சிறுமிகள் சண்டை போட்டார்கள். மணி இரண்டு தடவை அடித்தது. பேருந்து கிளம்பியது.

அவள் காரை வாசலுக்குக் குறுக்கே திருப்பினாள். ஓரமாக நிறுத்தத்தான் திருப்பினாளோ என்னவோ, பாதி வழியில் கிளட்ச்சை விட்டுவிட்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. கை சாவிக்குப் போயிற்று. திருப்பவில்லை.

பேருந்து அவளுடைய ஜன்னலுக்கு நேராக வந்துகொண்டிருந்தது. பெரிய கண்ணாடிக்குப் பின்னால், தலையை இடது பக்கம் சாய்த்தபடி அவர். பக்கத்தில் சில்லறை. அவன் அவளைப் பார்த்துவிட்டான். வாய் திறந்தது. நாணயம் பிடித்த கை கம்பிக்கு மேலே தூக்கியபடி அப்படியே நின்றது. தட்டுடா, தட்டித் தொலைடா என்று அவள் காருக்குள் கத்தினாள். பேருந்து வந்தது. இன்னும் வந்தது. அவள் கண்ணை மூடவில்லை.

கம்பி அதிர்கிற சத்தம் அவளுக்கே கேட்டது. பிரேக் கிறீச்சிட, பேருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. உள்ளே நின்றவர்கள் எல்லாம் முன்னால் வந்து சாய்ந்தார்கள். யாரோ வசை பாடினார்கள். அவளுக்குப் பின்னால் தெருவில் ஹாரன்கள் அலறத் தொடங்கின.

அவர் பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார். முகத்தில் கோபம் துளிகூட இல்லை.

"யாருங்க அது? புதுசா ஓட்டறீங்களா?" என்றார், முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதையான குரலில். "பதறாதீங்க. கிளட்ச்ச நல்லா மிதிச்சுக்கிட்டு சாவியத் திருப்புங்க. ஒண்ணும் அவசரமில்ல, நான் நிக்கறேன்."

ஜன்னல்களில் முகங்கள் குவிந்தன. சண்டை போட்ட சிறுமிகள் இருவரும் ஒரே ஜன்னலில் தலையை நீட்டி அவளைப் பார்த்தார்கள். சில்லறை தலையைக் குனிந்துகொண்டான். அவள் சாவியைத் துவாரத்திலிருந்து உருவி மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கு நேராக முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா மிதிங்க, ஸ்டார்ட் ஆயிடும்" என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.