பிரிந்த தேதி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில், உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. இங்கிலாந்தின் கிழக்குக் கடலோர ஊரான விதர்ன்சீயில் பல வருடமாகப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுகிறேன். லீயான் என்னோடு வேலை செய்பவள். நடந்ததையெல்லாம் அவள் சொல்லி முடித்ததும், எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எந்த பாஷையில?"

"தமிழ்ல."

"இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் புரியாதுல்ல? அப்ப தாராளமா எழுதிக்கோ கண்ணு. என்னை மட்டும் குண்டா காட்டிடாத."

அவள் குண்டு இல்லை. சொல்லிவிட்டேன்.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

'அக்டோபரில் ஒரு மழைநாளில் கார்ல் வீட்டைவிட்டுப் போனான்.' (மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரைப் பற்றி எழுதும்போது மழை என்று போட்டுவிட்டால் பெரும்பாலும் தப்பாகாது.)

'லீயான் அரசாங்கத்துக்கு ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல மறந்து' என்று அடுத்ததைத் தொடங்கிப் பாதியில் விட்டேன். ஏனென்றால் அவள் மறக்கவே இல்லை.

மூன்றாவது தொடக்கத்தில் அழகு கிடையாது, விஷயம் மட்டும் இருக்கிறது. புருஷன் பெண்டாட்டி இருவருமாகச் சேர்ந்து விண்ணப்பித்தால், வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அரசு உதவித்தொகை தரும். பிரிந்தால் உடனே போன் செய்து சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வாங்கிய பணம் கடன். பிரிந்த பிறகும் அந்தக் கடன் மட்டும் இருவருக்கும் பொது. கார்ல் போனது அக்டோபரில். லீயான் போன் செய்தது பிப்ரவரியில்.

3

ஏன் அவள் சொல்லவில்லை? இந்த இடத்தில்தான் நான் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கார்ல் போய்த் தன் அண்ணனுடைய கேரவனில், அந்தச் சக்கர வீட்டில், தங்கினான். ஆனால் செவ்வாய்க்கிழமை தவறாமல் சாயங்காலம் வந்து, குப்பைத் தொட்டிகளை உருட்டிக்கொண்டு போய்ச் சந்தில் வைத்துவிட்டுப் போனான். பச்சைத் தொட்டியை எந்த வாரம் எடுப்பார்கள், நீலத் தொட்டியை எந்த வாரம் என்பதெல்லாம் அந்த வீட்டில் அவனுக்குத்தான் தெரியும். குப்பை வைக்க வந்தவனுக்கு லீயான் டீ போட்டுக் கொடுப்பாள். அவன் நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்புவான். கிறிஸ்துமஸுக்கு மகளைப் பார்க்க வந்து, சோபாவில் படுத்துத் தூங்கினான்.

"குப்பை வைக்க வர்ற ஆம்பளைய, போயிட்டான்னு எப்படிடி சொல்லுவேன்?" என்றாள் லீயான்.*

\* கண்டவரெல்லாம் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எங்கள் தெருக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். இங்கே யாரும் யாரிடமும் ஆசையை வாய்விட்டுச் சொல்வதில்லை. மாட்டிக்கொண்ட காரைத் தள்ளிவிடுவார்கள், பனியைச் சுரண்டிவிடுவார்கள், குப்பையை வைப்பார்கள். அதை ஆசையென்று கணக்குப் போட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

பிப்ரவரியில் கார்ல் சொந்தமாக ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக் கையெழுத்துப் போட்டான். அன்றைக்குத்தான் அவள் போன் செய்தாள்.

4

கார்லை எப்படி எழுதுவது என்று தெரியாமல் முதல் பிரதியில் அவனுக்கு ஒரு காதலியைக் கொடுத்தேன். பிரிட்லிங்டனில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள், சிவப்பு நகம். எனக்கே அவளைப் பிடித்துப்போனது. பிறகு அடித்துவிட்டேன். அப்படி ஒருத்தி இல்லை. அவன் விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்கும் கேரவன் பூங்காவில் குழாய் பழுது பார்க்கிறவன். வீட்டில் அவனுக்குச் சந்தோஷமாக இல்லை, போனான். அவ்வளவுதான். வில்லன் ஒருவன் இருந்திருந்தால் எனக்கும் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து அவனையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய கேள்வியைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. எப்போது வீட்டைவிட்டுப் போனாய் என்று அவர்கள் கேட்கவில்லை. இனிமேல் சேர்வதே இல்லை என்று ஆன தேதி எது என்று கேட்டிருக்கிறார்கள்! சாமியார்களும் கவிஞர்களும் கேட்கத் தயங்குகிற கேள்வி. கல்யாணத்துக்குத் தேதி உண்டு, சாவுக்கு உண்டு. ஒரு உறவு முறிந்துபோன தேதியை யார் அறிவார்? காதில் மைக் மாட்டிய ஒரு பெண், எங்கோ ஒரு கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, அதைக் கேட்டுக் கணினியில் போட்டாக வேண்டும்.

லீயான் பிப்ரவரி என்று சொல்லியிருந்தாள். கார்ல் அக்டோபர் என்று சொல்லிவிட்டான்.

பிப்ரவரி என்றால் கடனே இல்லை. அக்டோபர் என்றால் இரண்டாயிரம் பவுண்டு, ஆளுக்குப் பாதி. ஏற்கெனவே வாடகை பாக்கி வைத்திருந்த லீயானுக்கு, அந்தப் பாதியே வீட்டைக் காலி செய்ய வைக்கப் போதும். இருவரும் பேசி ஒரே தேதியாகச் சொல்லுங்கள், சனிக்கிழமை இரண்டு பேரையும் ஒன்றாக வைத்து அழைக்கிறோம் என்றது அலுவலகம்.

5

சனிக்கிழமை என்னையும் துணைக்கு வரச் சொன்னாள். "நீ இருந்தா நான் அவனை அடிக்க மாட்டேன்" என்றாள். ஆகவே இனி வருவது நான் கண்ணால் பார்த்தது.

கார்ல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்திருந்தான். வேலைக்காரனுடைய மரியாதை அது.

"உன்னைய யாரு அக்டோபர்னு சொல்லச் சொன்னா? பெரிய அரிச்சந்திரன்னு நெனப்பா?" (அரிச்சந்திரனை அவள் சொல்லவில்லை. அவள் சொன்னதை அப்படியே போட்டால் அச்சில் ஏறாது.)

"கேட்டாங்க. சொன்னேன்."

"கேட்டா சொல்லிடுவியா? எம்புட்டு வருஷம் நான் கேட்டேன், என்னத்தைச் சொன்ன?"

அவன் மேசையைப் பார்த்தான். "சரி விடு லீயான். யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். பிப்ரவரின்னே சொல்லிடறேன். நானும் திரும்பி வரணும்னுதான் நெனச்சேன்னு சொல்றேன். போதுமா?"

காரியம் முடிந்தது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் லீயானுடைய முகம் மாறிவிட்டது.

"நெனச்சியா?"

"என்ன?"

"திரும்பி வரணும்னு. ஒரு நாளாச்சும் நெனச்சியா?"

கார்ல் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியாது அப்பா, என்னைப் பார்க்காதே.

"இல்ல" என்றான்.

"தெரியும்."

"எப்படி?"

"அக்டோபர்ல மூட்டை கட்டுனப்ப அரை டிராயரெல்லாம் எடுத்துட்டுப் போன. நாலு டிராயரு. குளுருல எவன்டா அரை டிராயரை எடுத்துட்டுப் போவான்? சம்மருக்கும் வரமாட்டேன்னு அர்த்தம். அலமாரியைத் தொறந்து பாத்தேன், அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்கு அவங்ககிட்ட பிப்ரவரின்னு சொன்ன? பொய்யா?"

"பொய் இல்லடா. தெரிஞ்சது அக்டோபர்ல. நம்புனது பிப்ரவரியில."

இந்த வாக்கியத்தை நான் எழுதியதாக யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அவ்வளவு திறமை இல்லை. சமையலறையில் கேரட் நறுக்குகிற ஒருத்தி, அழக்கூட இல்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னது. கார்ல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். குடித்தனம் நடத்திய காலத்திலெல்லாம் அவன் அவளை அப்படிப் பார்த்திருப்பானா என்பது சந்தேகம்.

போன் அடித்தது.

6

லீயான் போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி அமுக்கினாள். சின்னப் பெண்ணின் குரல்.

"வணக்கம்ங்க. ரெண்டு பேரும் இருக்கீங்களா? பிரிஞ்ச தேதி என்னன்னு பேசி முடிவு பண்ணிட்டீங்களா?"

"ஆச்சு" என்றார்கள் இருவரும்.

"சொல்லுங்க, போட்டுக்கறேன்."

இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். கார்ல் பிப்ரவரி என்றான். லீயான் அக்டோபர் என்றாள்.

அவளுக்கு வீடு தங்க வேண்டுமென்று அவன் பொய்யை எடுத்துக்கொண்டான். அவனை அந்தப் பொய்யைச் சொல்ல வைக்கக் கூடாதென்று அவள் கடனை எடுத்துக்கொண்டாள். சேர்ந்து வாழத் தெரியாத இரண்டு பேர்! கடவுளே, இப்படியும் மனிதர்களைப் படைத்து வைத்திருக்கிறாயே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், தமிழில்.

"மன்னிக்கணும், ஒண்ணும் புரியலைங்க. ஒவ்வொருத்தரா சொல்றீங்களா?"

"அவ சொல்றதைப் போடாதீங்க" என்றான் கார்ல்.

"வாய மூடு. அம்மாடி, இவன் சொல்றதைப் போடாத."

"யாராவது ஒருத்தர் சொல்றதைத்தான் மேடம் நான் போட முடியும்."

7

அந்தப் பெண் எதைப் போட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முடிவை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். பிப்ரவரி என்று முடித்தபோது லீயான் சிறுத்துப் போனாள். அக்டோபர் என்று முடித்தபோது கார்ல் சிறுத்துப் போனான். நவம்பர் என்று பாதி வழியில் முடித்தபோது நான் சிறுத்துப் போனேன். மூன்றையும் அடித்துவிட்டேன்.

ஆகவே மைக்கை நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள். போனின் அந்தப் பக்கம் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் திரையில் ஒரு தேதிக்குத்தான் இடம் இருக்கிறது. அவர்கள் காத்திருக்கிறார்கள், போடுங்கள்.