அவர் சொன்ன முதல் பெயர்

1

இந்தக் கதை ஒரு சினிமாவுக்காகப் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயக்குநர் சபரீஷ் போனில் கேட்டது இவ்வளவுதான்: "ஒரு பணக்காரக் குடும்பம். அங்கயே தங்கி நோயாளியப் பாத்துக்கிற ஒரு பொண்ணு. கொல்லிமலைல எடுக்கலாம். மேகம், பனி, கொண்டை ஊசி வளைவெல்லாம் நான் பாத்துக்கறேன். அழுகைய மட்டும் நீங்க குடுங்க."

அழுகையைத் தேடித்தான் மலையேறினேன். அப்படியொரு வேலையில் இருந்த அருணாவைச் சந்தித்தேன். தன் கதையை முழுதாகச் சொன்னார், இரண்டு இடத்தில் சிரித்தார். ஓரிடத்திலும் அழவில்லை.

2

'மேகங்கள் மலையைத் தழுவிக் கிடந்த ஒரு காலையில், பாவப்பட்ட அருணா...'

(அடித்துவிட்டேன். பாவப்பட்டவரா? நான் போனபோது மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் ஏணி சாத்தி உச்சியில் நின்றபடி, "இருங்க, எறங்கி வாரேன்" என்றவர்.)

'அந்தப் பெரிய வீட்டில் அருணா காலடி எடுத்து வைத்தபோது...'

(இது சீரியல்.)

நேராகவே சொல்கிறேன். கொல்லிமலையின் திருப்புலி நாட்டில் பிறந்தவர் அருணா. புருஷன் இறந்த பிறகு பிழைப்புக்காக மலையிறங்கி, சேந்தமங்கலத்தில் கோழிப்பண்ணையும் லாரிகளும் வைத்திருந்த ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வீட்டுக்காரர் சசிகுமார், ஊருக்கே கேட்கும் குரலில் பேசிவந்தவர், பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போய்க் கிடந்தார். குளிப்பாட்ட, புரட்டிப் படுக்க வைக்க, ஊட்டிவிட, கூடவே தங்கும் ஆள் வேண்டியிருந்தது.

பிறகு, குளிர்ந்த காற்று நல்லது என்று யாரோ சொல்ல, கொல்லிமலையில் கட்டிப் போட்டிருந்த தங்கள் வீட்டுக்கே அவரைக் கொண்டுவந்தார்கள். அருணாவும் கூட வந்தார். பிழைக்கப் போன பெண் சொந்த மலைக்கே வேலையாளாகத் திரும்பினார். சசிகுமாரின் அறை ஜன்னலில் நின்றால் தம்பி இளங்கோவின் மிளகுத் தோட்டம் தெரியும். போய்வரத்தான் நேரமிருக்காது.

அந்த வீட்டில் எல்லோரும் அவரை 'சிஸ்டர்' என்றார்கள்.*

(* அவர் நர்ஸ் இல்லை. பெயரைக் கேட்டு நினைவில் வைப்பதைவிட இது சுலபம். சொந்த வீட்டிலும் அவர் அக்கா, அத்தை. பெயர் சொல்லிக் கூப்பிட்ட புருஷனும் இல்லை.)

3

சசிகுமாரின் மனைவி மேனகா. இவரைக் கொடுமைக்காரியாக எழுதினால் படம் ஓடும் என்றார் சபரீஷ். எழுதிப் பார்த்தேன். 'மேனகா புருவத்தை நெரித்து...' அதற்கு மேல் பேனா நகரவில்லை. அருணா சொன்ன மேனகா பண்ணைக் கணக்கையும் லாரி டிரைவர்களையும் போனிலேயே சமாளித்துவிட்டு, கணவரின் அறை வாசலில் வந்து நின்று, உள்ளே வராமலே திரும்பிப் போகிறவர்.

அந்த வாசலைப் பார்த்துத்தான் அருணாவுக்கு ஒரு யோசனை வந்தது. அவர்கள் இருவரின் கல்யாண நாள் வரப்போகிறது. அன்றைக்கு ஐயா தன் மனைவியின் பெயரைச் சொல்ல வேண்டும்.

"மே... சொல்லுங்கய்யா. வாயச் சேத்து வையுங்க. மே."

"ஊ..."

"அதேதானுங்க. இந்த அருணாவுக்காக இன்னொருக்கா."

குளிப்பாட்டும்போதும் கஞ்சி ஊட்டும்போதும் இதே பாடம். ஒருநாள் 'மே' வந்தது. மறுநாள் போய்விட்டது. பிறகு 'மேன' வரை வந்தது. அருணாவுக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

4

கல்யாண நாளன்று சேந்தமங்கலத்திலிருந்து கார்களில் சொந்தபந்தம் ஏறி வந்தது. அருணா சசிகுமாருக்குப் பட்டு வேட்டி கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, எல்லோரையும் அறைக்குள் அழைத்தார். மேனகாவைக் கைபிடித்து முன்னால் நிறுத்தினார்.

"அக்கா, ஐயா உங்களுக்கு ஒண்ணு சொல்லுவாரு. சொல்லுங்கய்யா."

உதடு நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. சசிகுமார் மனைவியைப் பார்த்தார். பிறகு அருணாவைப் பார்த்தார்.

"அ... ரு... ணா."

தெளிவாக வந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

(சபரீஷ் இங்கே இடைவேளை விடச் சொன்னார். விடுகிறேன். ஆனால் அருணாவின் முகத்தில் அதிர்ச்சி வேண்டும் என்றார். அதை மட்டும் எழுத முடியவில்லை. நடந்தது வேறு.)

அருணாவுக்குச் சந்தோஷம் பொங்கியது. கல்யாண நாள், சொந்தக்காரர்கள், எதிரில் நின்ற மேனகா, எல்லாம் ஒரு கணம் மறந்துபோயின. தன் பெயரை ஒரு மனிதர் இவ்வளவு பாடுபட்டுச் சொல்லியிருக்கிறார். முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வெட்கமும் பயமும் வந்தன.

மறுநாள் காலையில் மேனகா சொன்னார்: "நீங்க கெளம்பிக்குங்க, சிஸ்டர்."

5

அருணா தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். சில நாட்கள் கழித்து மேனகா வரப்பு வழியே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். கார் அங்கே வராது. இளங்கோ நாற்காலி எடுத்துப் போட்டான். அருணா வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்தார், முகம் பார்க்காமல்.

"அவரு சாப்பிட மாட்டேங்கறாரு" என்றார் மேனகா. "வாயையே தெறக்கறதில்ல."

"பேச்சுக் குடுத்துக்கிட்டே ஊட்டோணுங்க."

"என்ன பேசறது? கல்யாணம் ஆன நாள்லருந்து அவருதான் பேசுவாரு, நான் கேட்டுக்கிட்டிருப்பேன். அவருகிட்டப் பேச எனக்குத் தெரியாது."

அருணாவுக்குள் அடைத்து வைத்திருந்தது வெடித்தது. "அப்பறம் என்னை எதுக்குங்க்கா போகச் சொன்னீங்க? நான் என்ன தப்புச் செஞ்சேன்? உங்க பேரத்தானுங்க சொல்லிக் குடுத்தேன்!"

"தெரியும். பாதி நாளு வாசல்ல நின்னு கேட்டிருக்கறேன்." மேனகா தட்டைப் பார்த்தபடி இருந்தார். "அவரு உங்க பேரச் சொன்னது கூடப் பரவால்ல. அப்ப உங்க மொகத்தப் பாத்தேன். அந்தச் சந்தோசம் எனக்கு வந்திருக்கோணும்."

அருணாவுக்குத் தெரியும், அது உண்மை. கிழங்கை மேனகா பக்கம் நகர்த்தி, "சாப்பிடுங்க்கா, ஆறிப்போயிரும்" என்றார்.

6

முடிவு ஒன்று (சபரீஷுடையது): இருவரும் கட்டிப்பிடித்து அழ, காரில் ஏறிப் போகிறார்கள். வயலின்.

முடிவு இரண்டு (நான் முதலில் எழுதியது): அருணா மறுத்துவிடுகிறார், தலை நிமிர்ந்து...

(தலை நிமிர்ந்து என்ன செய்வது? அங்கே ஒருவர் பட்டினி கிடக்கிறார்.)

நடந்தது: அருணா எழுந்து மேனகாவோடு போனார், ஒரு நிபந்தனை பேசிக்கொண்டு. "தங்க மாட்டேனுங்க. விடிஞ்சா வாரேன், பொழுது சாய என்ற தம்பி ஊட்டுக்குப் போயிருவேன். மத்த நேரம் நீங்க பாத்துக்கோணும்."

"எனக்குப் பயமா இருக்குது."

"எனக்கும் மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு."

7

சபரீஷுக்கு இது போதவில்லை. "கடைசில அந்தாளு பொண்டாட்டி பேரச் சொன்னாரா இல்லையா? அதச் சொல்லுங்க, படத்த முடிக்கலாம்."

அருணாவிடம் கேட்டேன். "நான் இருக்கறப்ப சொல்லலீங்க. நான் இல்லாதப்ப என்ன சொல்றாருன்னு அக்காவத்தான் கேக்கோணும்" என்றார்.

ஒரு சாயங்காலம், அருணா கிளம்பியிருப்பார் என்று தெரிந்த நேரத்தில், அந்த வீட்டுக்குப் போன் செய்தேன். மேனகா எடுத்தார். நான் யாரென்று சொல்லி, கேள்வியைத் தொடங்கினேன். பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. இழுத்து, திக்கி, ஏதோ ஒரு பெயர். போனில் எனக்குப் பிடிபடவில்லை.

"செத்த இருங்க, என்னையக் கூப்பிடறாரு" என்று போனைத் துண்டிக்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டு மேனகா போனார்.

திரும்பி வரவில்லை. உள்ளே மேனகா ஏதோ பேச ஆரம்பித்திருந்தார், வார்த்தை புரியாத தூரத்தில், நிறுத்தாமல். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நான் போனைத் துண்டித்தேன். சசிகுமார் கூப்பிட்ட பெயர் என்னவென்று சபரீஷுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.