மூன்றை இரண்டாக்கிய கதை

உமேஷுக்கு முதல் டிகாக்ஷன் காபி, எனக்கு இரண்டாவது. இரண்டாயிரமாவது வருஷம் பெங்களூர் காக்ஸ் டவுனில் என் சொந்த வீட்டில் நடந்த அநியாயம் இது.

என் மனைவி வேதநாயகி வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள் அடித்துக் கொடுத்தாள். அதற்கு ரிப்பேர் பார்ப்பவன் நீலசந்திராவிலிருந்து வரும் உமேஷ், இருபத்தாறு வயது. மகள் ஹாஸ்டலுக்குப் போனபிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். என்னிடம் அவள் பேச்சு "சாப்பிட வாங்க" என்பதோடு சரி. அவன் வந்தால் மட்டும் சிரிப்பு எங்கிருந்தோ வந்துவிடும். அவன் மெமரியைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்ப்பான், இவள் பக்கத்தில் நின்று டார்ச் அடிப்பாள். அவன் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். இருபது வருஷத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தையை அவள் எழுதி வைத்ததில்லை. மறைப்பானேன், எனக்கு வயிறு எரிந்தது.

என் ஆபீஸ் கம்ப்யூட்டர் அறையில் விசாரித்தேன். மெஷினைப் போட்டதும் டெலீட்டை அழுத்தினால் பயாஸ் என்ற செட்டிங் பக்கம் வருமாம். அதில் மெமரிக்கு மூன்று என்றிருப்பதை இரண்டாக்கினால் மெஷின் பறக்குமாம். வேதநாயகி காய்கறி வாங்கப் போன நேரத்தில் மாற்றினேன். அவள் அசந்துபோய் நிற்கும்போது "நான்தான்" என்று சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

மெஷின் பறக்கவில்லை, படுத்துக்கொண்டது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திரை நீலமாகி உறைந்தது. உமேஷ் திங்கள் வந்தான், செவ்வாய் வந்தான், புதனும் வந்தான். மூன்று நாளும் முதல் டிகாக்ஷன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

"மெமரிய மாத்தியும் பாத்துட்டேன்க்கா. ஏன் ஹேங் ஆவுதுன்னே தெரியல," என்றான். பயாஸை அவன் பார்க்கவே இல்லை. தான் வைத்த செட்டிங்தானே என்ற நம்பிக்கை. நான் திருப்பி மூன்றாக்கியிருக்கலாம். ஆனால் அவன் விழிப்பதைப் பார்க்க இனித்தது.

அவன் போனதும் சொன்னேன்: "மட்டமான மெமரிய போட்டிருக்கான். தெனம் வர்றதுக்கு ஒரு சாக்கு வேணுமில்ல?"

வெள்ளிக்கிழமை காலை கேள்வித்தாள் போயாக வேண்டும். இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். பயத்தில் அவள் என் பேச்சை நம்பிவிட்டாள். அவனுக்குப் போன் போட்டு, "இனிமே நீ வர வேணாம்பா," என்றாள். ரிசீவரை வைத்துவிட்டு அவன் சொன்னதை எழுதிய நோட்டை எடுத்துப் புரட்டினாள். அன்று சாயங்காலம் முதல் டிகாக்ஷன் எனக்கு வந்தது. தேவாமிர்தம்.

வியாழக்கிழமை காலை அவளே நோட்டோடு உட்கார்ந்து டெலீட்டை அழுத்தினாள். வரிவரியாக ஒப்பிட்டுக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது.

"உமேஷ் மூணுன்னு எழுதச் சொன்னான். இங்க ரெண்டு இருக்கு."

"கரண்ட் போய் வந்ததுல மாறியிருக்கும்."

"தானா மாறாதுங்க. இந்த வீட்ல நாம ரெண்டு பேர்தான இருக்கோம்?"

நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அவள் இரண்டை மூன்றாக்கினாள். அதற்குப் பிறகு மெஷின் ஒரு தரம்கூட நிற்கவில்லை. கேள்வித்தாளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மார்க்கெட் போயிருந்தபோது கை சும்மா இருக்கவில்லை. டெலீட்டை அழுத்தினேன். பாஸ்வேர்டு கேட்டது. மகள் பெயரைப் போட்டேன், இல்லை. எங்கள் கல்யாணத் தேதி, இல்லை. வெட்கத்தை விட்டு மூன்றாவதாக 'சாமிநாதன்' என்று என் பெயரையே அடித்தேன். மூன்றும் தப்பானதில் மெஷின் அப்படியே நின்றுவிட்டது.

திரும்பினால் வாசலில் கீரைக்கட்டோடு வேதநாயகி.

"பாஸ்வேர்டு என்ன?" என்றேன், வீட்டுக்காரன் தோரணையில்.

"உமேஷுக்குத் தெரியும். போன் போட்டு மொதல்ல மன்னிப்பு கேளுங்க. அப்புறமா பாஸ்வேர்டு கேளுங்க."