ஒத்தக் கூப்பாடு

எஸ்தர், என்று ஒரே ஒரு தடவை, மூடுபனிக்குள்ளிருந்து, அவ்வளவுதான், புத்தகத்தில் விரலை வைத்தபடி அவள் அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருக்கிறாள், கதையில் கூப்பிடுவது காட்டுச்சடையன், உடம்பெல்லாம் முடி, புருசன் குரலில் பெண்டாட்டியைப் பேர்சொல்லி அழைப்பான், ஆனால் ஒரு தடவைதான், மனுசனென்றால் ரெண்டாந்தரம் கூப்பிடுவான், அதுவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, இதை எழுதிய கொழுந்தன் ஞானசிகாமணி கல்யாணமான புதுசில் அவளிடம் சொன்னதும் இதேதான், எஸ்டேட்டில் சடையனைத் தெரியாதவர் யார், அவளும் நம்பினாள், பாவி மனசு, எட்டு வருசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் புருசன் தாசையனோடு சோலைக்காட்டுக்கு விறகுக்குப் போகிறாள், பனி இறங்குகிறது, அவர் எங்கே, கீழே ஓடைப் பக்கமிருந்து எஸ்தர், அவர் குரலேதான், என்னங்க என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு நிற்கிறாள், ரெண்டாந்தரம் வரவில்லை, கட்டைப் போட்டுவிட்டு லயத்து வீட்டுக்கு ஓட்டமாய் ஓடி வந்தாள், மறுநாள் அவரை ஓடைப் பள்ளத்திலிருந்து பிணமாய்த் தூக்கி வந்தார்கள், நெஞ்செலும்பு நொறுங்கியிருந்தது, இன்னொரு தடவை கூப்பிட அவருக்கு மூச்சில்லை, ஐயோ, அது அவரேதான்.

நீங்க பதில் குடுத்திருந்தா அண்ணன் பொழச்சிருப்பாரு மதினி, என்று சவப்பெட்டியருகில் அத்தனை பேர் முன்னால் சொன்னவனும் இந்த ஞானசிகாமணிதான், அன்றிலிருந்து அவள் கோயிலில் நற்கருணை வாங்கவில்லை, கொன்ற நாக்கென்று தன் நாக்கையே வெறுத்தாள், இன்று காலை புதுப் புத்தகத்தோடு வந்து நிற்கிறான், முன்னுரையில உங்களப் பத்தியும் இருக்கு மதினி, படிங்க, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு, கதையைப் பாதியில் விட்டு முன்னுரைக்குத் திருப்பினாள், சடையன் ஊர்க்கதை, ஒரு தடவைதான் கூப்பிடுவான் என்பது மட்டும் என் கைச்சரக்கு, முதலில் என் மதினியிடம் சொல்லிப் பார்த்தேன், அவர் முகம் வெளுத்தது, இது எடுபடும் என்று அன்றே தெரிந்துவிட்டது.

கைச்சரக்காம், நாசமாய்ப் போறவனே, எட்டு வருசம் என்னைத் தின்றாயே, வெளியே போயிருந்தவன் வாசலில் காலைக் கழுவிக்கொண்டு இப்போது படியேறி வருகிறான், மதினி, என்கிறான், அவள் பேசவில்லை, பனி, ஓடை, தாசையன் குரல், மதினி, என்று மறுபடியும், ரெண்டாந்தரமும் கூப்பிட்டுவிட்டான், மனுசன்தானாம், அவள் எழுந்துபோய் அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.