முகவரியின் மூன்றாவது வரி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மின்விசிறியை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். ஒரு காது தபாலில் போன கதை இது. சின்னக் கதைதான், ஆனால் நல்ல கதை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். தாம்பரத்துப் பக்கம், அரசாங்க வேலை பார்த்து ஓய்ந்தவர்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் பென்ஷன் கொடுக்கிற ஓர் ஆபீஸ். அங்கே பியூலா பதினோரு வருஷமாக கிளார்க். லெட்ஜரில் அவள் பேனாவால் எழுதியது அரசாங்கத்துக்கு. ஓரத்தில் பென்சிலால் எழுதியது அவளுக்கு. ‘கை நடுங்கும், அவசரப்படுத்தாதே.’ ‘படி ஏற முடியாது, நாம் இறங்க வேண்டும்.’ முடிச்சூர் எல்லம்மா பெயருக்கு எதிரே, ‘இடது காது.’

எல்லம்மாவின் புருஷன் ரோடு போடும் இலாகாவில் இருந்து செத்தவர். அவளுக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. உயிரோடு இருப்பதைக் காட்ட வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வரவேண்டும் அல்லவா? பியூலா லீவில் இருந்த ஒரு வருஷம் யாரோ வலது பக்கம் நின்று கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த அம்மாள் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அப்புறம் பியூலாதான் ஆள் அனுப்பி அழைத்துவந்து சரிசெய்தாள். பென்சில் குறிப்பு அன்று எழுதியது.

இப்போது கம்ப்யூட்டர் வந்தது. அதற்குத் தனியாக ஏ.சி. அறை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். எல்லாப் பெயரையும் அதில் ஏற்றிவிட்டு லெட்ஜர்களைக் கட்டிவைக்கச் சொன்னார்கள். கூடவே பியூலாவுக்குச் செங்கல்பட்டுக்கு மாற்றல். இனிமேல் பெயரைக் கூப்பிட்டும் எழுந்திருக்காதவருடைய பென்ஷனை அந்த மெஷின் தானாகவே நிறுத்திவிடுமாம். பென்சில் குறிப்பை எங்கே போடுவது என்று ஆபீசர் யக்ஞநாராயணனிடம் கேட்டாள்.

“கம்ப்யூட்டர்ல காதுக்கெல்லாம் கட்டம் கிடையாதும்மா” என்றார் அவர்.

திரையில் முகவரிக்கு மூன்று வரி இருந்தது. நம் ஜனங்களுக்கு இரண்டே போதும். மூன்றாவது வரியில், ஆங்கில எழுத்தில் தமிழையே தட்டி, நாற்பத்திரண்டு பேருடைய குறிப்பையும் ஏற்றிவிட்டுப் பியூலா ரயில் ஏறினாள்.

ஒரு மாதம் கழித்துச் செங்கல்பட்டு ஆபீசுக்குப் போன் வந்தது. நேரில் வரச்சொல்லும் தபால் கார்டுகளை அந்த மெஷினே அச்சடித்துவிட்டதாம், முகவரியில் மூன்று வரியையும் சேர்த்து.

“இடது காதுன்னு எந்த ஊரும்மா இருக்கு?” என்றார் யக்ஞநாராயணன். “கார்டெல்லாம் நேத்தே போஸ்ட் பண்ணியாச்சு.”

பியூலா போனை வைத்தாள். கார்டு போய்ச் சேராவிட்டால் அவர்கள் வரமாட்டார்கள். வராவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். நல்லது செய்கிறேன் என்று போய் நாற்பத்திரண்டு அடுப்பை அணைத்துவிட்டோமே என்று கர்த்தரிடம் அழுதாள். முடிச்சூர்க்காரர்களுக்குக் குறித்த நாளன்று லீவு போட்டுவிட்டு முதல் ரயிலிலேயே தாம்பரம் வந்தாள்.

பெஞ்சில் எல்லம்மா இருந்தாள். கையில் கார்டு.

“தபால்காரரு அந்தோணிசாமி கீறாரில்ல, அவரு குனிஞ்சு இந்தக் காதாண்ட வந்து படிச்சாரும்மா” என்றாள். “இன்னா சார் புதுசா கீதுன்னேன். இப்டித்தான் சொல்லணும்னு கவர்மென்ட்டே எழுதிக்கீதாம்.”

பியூலா வாயைத் திறக்குமுன் ஏ.சி. அறைக் கதவு திறந்தது. கம்ப்யூட்டர் பார்க்கிற கிட்டு செருப்பில்லாத காலோடு வெளியே வந்தான். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு எல்லம்மாவின் இடது பக்கம் போய்க் குனிந்தான். மெதுவாகத்தான் கூப்பிட்டான். அவள் எழுந்துவிட்டாள்.

அதைப் பார்த்துக்கொண்டே நின்ற யக்ஞநாராயணன், விளக்கம் கேட்டுப் பியூலாவுக்கென்று எழுதிவைத்திருந்த மெமோவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அது வெளியே வரவில்லை.

திரும்பி வந்த கார்டு ஒன்றே ஒன்று. கை நடுங்கும் என்று எழுதியிருந்தாளே, அந்தப் பெரியவருடையது. அவர் மாசியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

கதை கேட்ட உங்கள் வீட்டில், கேட்கிற காது எந்தப் பக்கம் என்று தெரிந்து கூப்பிடுகிறவர்கள் என்றைக்கும் இருக்கட்டும். நன்றாயிருங்கள், கண்ணுகளா.