தனிப் பீங்கான்

கைறுன்னிஸாவின் முழங்கைகளிலும் விரல் மூட்டுகளிலும் செதில்படை. அது குட்டம் அல்ல, யாருக்கும் ஒட்டாது என்று மட்டக்களப்பு டாக்டர் சொல்லியிருந்தார். தேங்காயெண்ணெயில் ஊறவைத்துச் செதிலைக் கழுவி, மேலே தார்க் களிம்பைப் பூசிவந்தால் தோல் அடங்கிக் கிடந்தது. ஆனால் தார் மணத்தது.

"மௌலூதுக்கு ஆக்கள் வருவாங்க புள்ள. அந்த நாத்தத்தப் பூசாம இரி," என்றார் கணவர் முகைதீன்பாவா.

அவள் பூசாமல் விட்டாள். மௌலூது ஓதி விருந்து வைக்கும் நாளுக்குள் மூட்டுகள் வெடித்து, செதில்கள் வெள்ளையாகக் கிளம்பிவிட்டன.

ஏறாவூரில் விருந்தென்றால் சகன்தான். ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கைபோடுவார்கள். பெண்கள் பக்கம் அவள் உட்காரப் போனபோது, கணவரின் அக்கா றமீஸா குசினி வாசலில் தனியாக ஒரு பீங்கான் தட்டை வைத்தாள்.

"மதினி, நீங்க அதில தின்னுங்க. ஆக்கள் பயப்படுறாங்க."

"ஒட்டாதெண்டு டாக்குத்தர் சொன்னாரே."

"டாக்குத்தரா இதில கைபோட வாறார்?" பெண்கள் சிரித்தார்கள். "மாந்தீவுக்குக் கொண்டுபோற வருத்தமும் இப்பிடித்தானே தொடங்குது."

வாவிக்கு நடுவே குட்ட நோயாளிகளை வைத்திருக்கும் தீவு அது. கைறுன்னிஸா கதவடியில் நின்ற கணவரைப் பார்த்தாள். டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்றவர்.

"இண்டைக்கு மட்டும் புள்ள," என்றார்.

இது அவளுடைய உம்மா சீதனமாகக் கட்டிக்கொடுத்த வீடு. கலியாணத்துக்குப் பிறகு ஒரு பெட்டியோடு வந்து ஏறியவர் அவர். தன் வீட்டில், தன் தோலில் மருந்து பூச, இவரிடமா உத்தரவு கேட்டுக்கொண்டிருந்தாள்? றமீஸாமேல் மூண்ட கோபம் முதலில் தன்மேலேயே திரும்பியது. பிறகு அவர்மேல் போய் நின்றது.

அவள் சகனருகே உட்கார்ந்து சோற்றில் கை வைத்தாள். மற்றக் கைகள் சட்டென்று விலகின.

"காலையில இருந்து இந்தக் கையாலதான் இறைச்சி பிசைஞ்சன். அப்ப ஒருத்திக்கும் பயம் வரல்லயே?"

றமீஸா எழும்பினாள். அவளோடு மற்றவர்களும் எழும்பினார்கள்.

"ராத்தாட்ட மாப்புக் கேளு," என்றார் கணவர், அக்காவைக் காட்டி. "இல்லாட்டி நான் இந்த ஊட்ட இரிக்க மாட்டன்."

"ஓம், போங்க."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

"அப்ப என்ட சட்டயள எடுத்துத் தா."

"நீங்களே எடுங்க. என்ட கையில சோறு."